ஷட்டருக்கு அஞ்சு சுத்து

ஷட்டர் மெக்கானிக்குக்கு ஒரு போன் போடணும். போன ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுத்த வேலை இவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி ஆறு வருசமா வீட்டுல இருந்தே நைட்டி தச்சு வித்தவ. இப்ப கோவில்பட்டியில ஒரு சந்துக்குள்ள சின்னதா ஜவுளிக் கடை புடிச்சிருக்கா. நைட்டி, துண்டு, வேட்டி, உள்பாவாடை. மறுநாள் திங்கக்கிழமை காலையில திறப்பு. ஏழரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஷட்டரைத் தூக்கி, சூடம் காட்டி, முதல் போணியும் ஆயிரணும்.

ஷட்டரைத் தூக்கப் போறது என் மாமனார். பக்கத்துல எப்போதும்வென்றான்ங்கிற ஊர்ல உளுந்து போடுற சம்சாரி. கைராசிக்காரர்னு சுத்துவட்டாரத்துல பேரு. அங்க யார் விதைச்சாலும் முதல் பிடி அவர் கையால விழணும்னு நிப்பாங்க.

சிக்கல் என்னன்னா, போன மழையில கரிசல்ல வழுக்கி விழுந்ததுல இருந்து அவருக்கு வலது தோள் சரியில்ல. கடை ஷட்டரோ துருப்பிடிச்ச கிழம். ரெண்டு ஆள் சேந்து தூக்குனாத்தான் அசையும்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்பிரிங்கை முறுக்கச் சொல்லுங்க. அப்பா ஒத்தக் கையால தூக்கணும். இந்த ஒரு வேலை மட்டும் பாருங்க, போதும்"னா.

அந்த "மட்டும்"ல பதினாறு வருச தாம்பத்தியம் இருந்துச்சு.

போன் போட்டேன். மெக்கானிக் கயத்தாறுல வேற வேலையில இருந்தார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து ரெண்டே சுத்துல சரி பண்ணிருதேன்னார். அதோட போனை வச்சிருக்கலாம். "அதுவரைக்கும் நீங்க எதையும் தொட்டுராதீங்க சார்"னு ஒரு வார்த்தை சேத்துக்கிட்டார்.

என்னைப் பாத்து!

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன். நிலை ஆற்றல், இயக்க ஆற்றல்னு வருசா வருசம் போர்டுல வில்லும் அம்பும் வரையிறவன். ஸ்பிரிங்கை முறுக்குனா ஆற்றல் சேரும், விட்டா அது வேலை பாக்கும். இதுக்குக் கயத்தாறுல இருந்து ஒருத்தர் வரணுமாக்கும்?

பக்கத்து ஹார்டுவேர் கடை அண்ணாச்சிகிட்ட பைப் ரிஞ்சு கேட்டேன். "யாரு, நீங்களா முறுக்கப் போறிய?"ன்னு கேட்டார். ஆமான்னேன். ரிஞ்சைக் கையில குடுத்துட்டு, வாசல்ல நின்ன அவர் பைக்கைத் தள்ளிக்கிட்டுப் போயி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டு வந்தார்.

ரெண்டு பேருமா ஷட்டரை மேல ஏத்துனோம். நான் ஏணியில ஏறி, ஸ்பிரிங் மாட்டியிருக்கிற பைப்போட போல்ட்டைத் தளத்தி, ஒரு சுத்து சுத்துனேன். லேசா இருந்துச்சு. ரெண்டாவதும் சிரமமில்ல. ரெண்டு அந்த மெக்கானிக் கணக்கு. மாமாவுக்குத் தோள் சரியில்லையேன்னு மூணாவது போட்டேன். மூணு போட்டவனுக்கு நாலு என்ன கஷ்டம்? அஞ்சாவது, மாமனார் வீட்டு மரியாதைக்கு.

இறங்கி வந்து ஷட்டரை இழுத்தேன். வரல. கைப்பிடியில தொங்குனேன். பாதி தூரம் வந்துட்டு, என்னையும் கூட்டிக்கிட்டு மேல போயிட்டு.

கடைசியில அண்ணாச்சியும் டீக்கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தொங்க, மூணு பேர் பாரத்துல கீழ இறக்கி ரெண்டு பக்கமும் பூட்டைப் போட்டோம். அண்ணாச்சி ஷட்டர்ல காதை வச்சுப் பாத்தார்.

"சார், உள்ள உறுமுதே"ன்னார்.

அதான் நிலை ஆற்றல்னு அவருக்கு விளக்கம் வேற குடுத்தேன். மெக்கானிக்குக்கு போன் பண்ணி வர வேண்டாம்னேன். எத்தனை சுத்துன்னு கேட்டார். சிக்னல் சரியில்லன்னு வச்சிட்டேன். வீட்டுல வந்து, "ஒத்த விரல் போதும்"னு சொன்னேன். அதுல பொய்யே கிடையாது.

திங்கக்கிழமை. மணி ஏழு. எப்போதும்வென்றான்ல இருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரங்க. எங்க ஹெட்மாஸ்டர் வேற. எனக்கு வேட்டி கட்ட வராது, அதனால ஒட்டுற வேட்டி. மாமா அதைக் குனிஞ்சு பாத்துட்டு, "என்ன மாப்ள, பிளாஸ்திரி போட்டிருக்கிய?"ன்னார்.

எதையும் காட்டிக்காம, "மாமா, நீங்க பூட்டை மட்டும் திறங்க, நான் அமுக்கிப் புடிச்சு மெதுவா விடுதேன்"னேன். எனக்கு உள்ளுக்குள்ள பயம் வந்திருந்துச்சு.

ஒரு பூட்டைத் திறந்தார். அந்தப் பக்கம் ஒரு சாண் எம்பிச்சு. நான் முழங்காலால ஷட்டரை அமுக்கி, கைப்பிடியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். என் வேட்டி நுனியும் கைப்பிடிக்குள்ள நுழைஞ்சிருந்தது எனக்குத் தெரியாது.

ரெண்டாவது பூட்டைத் திறந்தார்.

சர்ருன்னு ஒரு சத்தம், அது வேட்டி. டமார்னு ஒரு சத்தம், அது ஷட்டர். போன வேகத்துல தடுப்புக் கட்டையெல்லாம் தெறிச்சு, அடிக்கம்பி வரைக்கும் மேல பெட்டிக்குள்ள சுருண்டுட்டு. என் வேட்டியும் அதுக்குள்ளதான். விளையாட்டு விழாவுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த நீல டவுசரோட நான் கீழ நின்னேன். பின்னால "ஆசிரியர் அணி"ன்னு பெருசா போட்டிருக்கும்.

யாரும் சிரிக்கல. ஹெட்மாஸ்டர் மட்டும் வானத்தைப் பாத்தார்.

என் வீட்டுக்காரி என் டவுசரைப் பாக்கவேயில்ல. அவ அப்பா கையைப் பாத்தா. அதுல சாவி மட்டும்தான் இருந்துச்சு.

"அப்பா கை வைக்கவே இல்லையே"ன்னா. கண்ணு கலங்கிட்டு.

அப்பதான் எனக்கு உறைச்சுது. ஆறு வருசம் குனிஞ்சு தச்சவ கேட்டது ஒரே ஒரு போன். டவுசருக்கு வராத வெக்கம் அதுக்கு வந்துச்சு. மறுபடி ஷட்டரை இறக்கி வச்சுத் தூக்கிரலாம்னு ஏணியை எடுத்தேன். "தொடாதீங்க"ன்னா, மெதுவா. மெக்கானிக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். மணி ஏழு இருவது.

மாமா சாவியை மக கையில குடுத்துட்டு, செருப்பைக் கழத்தி வலது காலை வச்சுக் கடைக்குள்ள போனார்.

"ஏட்டி, அழாத. ஷட்டரைத்தான் மாப்ள தூக்கிட்டாவ. போணியாவது நான் பண்ணுதேன். ஒரு வேட்டி எடு. கட்டுற வேட்டி. ஒட்டுறது வேண்டாம்."

அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டே சிரிச்சா. சூடம் காட்டி, ஏழு இருவத்தஞ்சுக்கு முதல் பில்லு. துட்டை மாமா நீட்டுனார். அந்த வேட்டியை நடுக்கடையில வச்சு, சின்னப் பிள்ளைக்குக் கட்டி விடுற மாதிரி எனக்கு அவரே கட்டி விட்டார், ஒத்தக் கையால.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். ஒவ்வொரு சுத்தா அவுக்கும்போது தெருவுக்கே கேக்கிற மாதிரி சத்தமா எண்ணுனார். அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு என்னை ஒரு பார்வை பாத்தார். வேட்டி கிரீஸோட வெளிய வந்துச்சு.

ஒரு வாரமாச்சு. கடையில நல்ல ஓட்டம். வாரவங்க முதல்ல ஷட்டரை அண்ணாந்து பாக்காங்க, அப்புறம் உள்ள வந்து வேட்டி கேக்காங்க.

எல்லாம் மாமா கைராசின்னு ஊரே பேசுது. அஞ்சு சுத்து சுத்துனவனைப் பத்தி ஒருத்தரும் பேசல.