அட்டையில் ஒரு ரயில்

திங்கட்கிழமை காலையிலேயே ஏழெட்டுத் தாய் தகப்பன்மார் பள்ளிக்கூட வாசலை மறித்து நின்றதைக் கண்டதும் விஜேந்திரன் நடையைத் தளர்த்தினான்.

வாத்தியார் வேலை நிரந்தரமாக வேண்டுமானால், வெள்ளிக்கிழமை வரும் ஆசிரிய ஆலோசகர் கலாராணி மேடம் நல்ல வார்த்தை எழுத வேண்டும். அவர் கேட்டிருந்தது ஒன்றுதான்: பிள்ளைகளின் சுற்றாடலிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடத்தை விஜேந்திரனே உருவாக்க வேண்டும், பிள்ளைகள் அதைக் கையால் செய்து காட்ட வேண்டும். பூனாகலைப் பக்கத் தோட்டத்தில் சுற்றாடல் என்றால் வேறென்ன? தேயிலைத் தொழிற்சாலையை அட்டையில் செய்துவரச் சொல்லியிருந்தான்.

"நாங்க கொழுந்து பறிச்சுக் கை காச்சது பத்தாதா சேர்? புள்ளயும் பள்ளிக்கூடம் வந்து தேயிலையவே படிக்கணுமா?" என்றாள் அங்கம்மா.

நியாயமாகத்தான் பட்டது. பாடம் வகுக்கையில் சமூகத்தின் குரலைக் கேட்காத கலைத்திட்டம் செத்த கலைத்திட்டம் என்று பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவன் அவன். தேயிலையை அடித்துவிட்டு ரயிலை எழுதினான். பதுளை ரயிலைப் பார்க்காத பிள்ளை உண்டா?

புதன்கிழமை கூட்டம் இரண்டு மடங்கானது. தோட்டத்து இளசுகளில் பாதி அந்த ரயிலேறித்தான் கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்கப் போயிருக்கிறது, மிச்சத்துக்கும் வழி காட்டுகிறீர்களா என்று கேட்டான் அங்கம்மாவின் புருஷன் கந்தப்பன். கேட்டுவிட்டு நீளமாகக் கொட்டாவி விட்டான்.

ரயிலும் போயிற்று. யார் மனமும் நோகாத தலைப்பாகத் தேடி, 'வீடு' என்று எழுதினான்.

மறுநாள் அதற்கும் வந்துவிட்டார்கள். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் ஆறு பேர் முடங்கிப் படுக்கிற இடத்தில் பிள்ளையை வீடு செய்யச் சொல்வது நக்கலா என்றாள் அங்கம்மா. விஜேந்திரன் கையை விரித்தான்.

"அப்ப நான் எதைத்தான் படிப்பிக்கிறது?"

"என்னத்தையாவது படிப்பிங்க. ஆனா ஒண்ணுலயே நில்லுங்க சேர்."

தலைப்பே இல்லாமல் வெள்ளி விடிந்தது. வேலை போனது போனதுதான் என்று வகுப்புக்குள் நுழைந்தவன் அசந்து நின்றான். மேசைகளில் புகைபோக்கியோடு தொழிற்சாலைகள், சக்கரம் சுழலும் ரயில்கள், ஜன்னல் திறந்து மூடும் வீடுகள். பிள்ளைகள் மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

உள்ளே வந்த கலாராணி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மூன்று கருப்பொருளை ஒருங்கிணைத்த கலைத்திட்டத்தை இந்த மாகாணத்திலேயே இப்போதுதான் பார்க்கிறாராம். ரயிலை எப்படிச் செய்தாய் என்று ஒரு சிறுமியைக் கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பெற்றோர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூச்சம், மேடம்" என்றான் விஜேந்திரன். புகார் சொல்லத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

மேடமோ அவனுடைய வேலை நிரந்தரம் என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "வகுப்பு முழுக்கப் பாஸ். இந்தத் திறமையை விடவே கூடாது. ஆறாம் வகுப்பிலும் இதே முறையில்தான் படிப்பிக்கச் சொல்லப் போறேன்" என்றார்.

கந்தப்பனின் முகம் தொங்கிப்போயிற்று.

"ஏன் மேடம், ஆறாம் வகுப்புக்கும் நாங்கதான் ராத்திரி முழிச்சு ஒட்டணுமா?"