இருபத்தேழு கெட்ட வார்த்தைகள்

விண்கலம் ஐம்பத்தோராவது தடவையாகப் பாறையில் மோதிச் சுக்குநூறானது. அதிகாரி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, கன்ட்ரோலரைச் சோபாவில் வீசினார்.

எந்த வீடியோ கேம் எந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. முழுக்க விளையாடி முடிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். மனிதர் மூன்று நாளாக இரண்டாவது கிரகத்திலேயே மாட்டிக்கொண்டு கிடந்தார். நாளைக்கு அறிக்கை போகாவிட்டால், பத்து வருஷம் உறைக்குக் கோந்து தடவிய அதே தபால் பிரிவுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஒன்பது வயது மகள் நிமிர்ந்தாள்.

"அப்பா, நான் வேணா இறக்கட்டுமா?"

"இது ஆபீஸ் விஷயம். நீ கணக்கைப் போடு."

இன்னும் நாலு தடவை நொறுங்கியது. அதில் இரண்டு தடவை அவர் வாய்விட்டே அழுதுவிட்டார். வெட்கத்தைப் பார்த்தால் வேலை போய்விடும் என்று கன்ட்ரோலரை அவளிடம் நீட்டினார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, கண்ணு."

அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு, பூப்போல இறக்கினாள். அந்த நிம்மதியிலேயே அதிகாரிக்குக் கண் சொருகியது. விழித்துப் பார்த்தால் ஏழு கிரகமும் முடிந்திருந்தன.

பார்க்காத விளையாட்டுக்குப் படிவத்தை எப்படி நிரப்புவது? லேப்டாப்பையும் அவளிடமே தள்ளினார்.

"ஒவ்வொரு கேள்வியாப் படிச்சு, உள்ளதை உள்ளபடி போடு. பொய் சொல்லக் கூடாது."

சொல்லும்போதே அவருக்குக் கூசியது. அவள் தட்டித் தந்ததை அச்செடுத்தார். படித்துப் பார்க்க முகமில்லாமல் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் ஆபீஸ் தலைவி கூப்பிட்டனுப்பினார். அறையில் கேம் கம்பெனிக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் குறிப்பெடுக்க டைப்பிஸ்ட் அம்மா.

தலைவி அறிக்கையை வாசித்தார். "விளையாடும்போது குழந்தையின் காதில் விழும் கெட்ட வார்த்தைகள், இருபத்தேழு. அழுகைச் சத்தம், இரண்டு தடவை. பெற்றோரிடம் மறைக்கச் சொல்லுதல், உண்டு. ஆகவே சிறுவர்களுக்கு ஏற்றதல்ல."

அதிகாரி எட்டி அறிக்கையைப் பார்த்தார். தான் குறட்டை விட்ட நேரத்தில் பெற்ற பெண் என்னென்ன கண்றாவியைக் கேட்டாளோ!

"மேடம், எங்க கேம்ல ஒருத்தரும் வாயே திறக்க மாட்டாங்க. வெறும் மியூசிக்தான்," என்றார் கம்பெனிக்காரர்.

தூங்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் காதால கேட்டேன் மேடம். மூணாவது கிரகத்துக்கு மேல சகிக்கல."

"அப்படியா? இங்கயே விளையாடிக் காட்டுங்க. நாங்களும் கேக்கறோம்."

சுவர்த் திரையில் விண்கலம் கிளம்பியது. முதல் கிரகத்தை எப்படியோ தாண்டிவிட்டது. இரண்டாவதில் அதே பாறை. கலம் நொறுங்கிய மாத்திரத்தில், மூன்று நாள் பழக்கம், அவர் வாயிலிருந்து அது பாட்டுக்கு ஒன்று வந்து விழுந்தது.

காது மடல் வரை சுட, அதிகாரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டைப்பிஸ்ட் அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பணிவாகக் கேட்டார்.

"மேடம், இருபத்தேழுன்னு இருக்கறத இருபத்தெட்டுன்னு திருத்திடட்டுமா?"