மஞ்சாடிக் காக்காவின் மூன்று பணம்

நான் கலியாணம் முடித்த அன்று சபை நடுவில் ஒரு மடத்தனம் செய்தேன். பெண்ணுக்கு நான் கொடுக்கும் மஹர் எவ்வளவு என்று லெப்பை கேட்டார். மற்ற மாப்பிள்ளைகள் நூற்றியொரு ரூபாய் என்று சொல்லிவிட்டுச் சஹன் சோற்றுக்குப் போன காலம் அது. எனக்கோ பழைய கலியாணக் கடுதாசிகளில் கண்ட ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது. "ஒரு களஞ்சு பொன்" என்றேன். களஞ்சு என்பது ஒரு நிறையா, ஒரு கிழங்கா என்று எனக்குத் தெரியாது. சபை தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

அந்தச் சொல்லின் பாரம் அறிந்த மனிதர் கல்முனை முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். ரூபாயைத் துளியும் நம்பாமல் ரூபாய்க்கு வியாபாரம் செய்த ஒரே மனிதரும் அவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் உம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஊர் அவரை அண்ணன் முறை வைத்து மஞ்சாடிக் காக்கா என்றது.

சந்தைக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். கடையில் உள்ளங்கை அகலத் தராசு உண்டு, படிக்கல் கிடையாது. ஒரு பிஸ்கட் டின் நிறைய மஞ்சாடி விதை, குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிவப்பாக. இருபது மஞ்சாடி ஒரு களஞ்சு. டின்னுக்குள் ஒரு சின்னக் குப்பி, அதற்குள் மீன் செதில் அளவில் மூன்று பொன் பணம், ராசாக்கள் காலத்துக் காசு. கோரோசனை, குங்குமப்பூ என்று விலை கூடிய சாமான் எதுவானாலும் அந்தப் பணத்தை மறுதட்டில் வைத்துத்தான் நிறுப்பார்.

"அந்தக் காலத்துல நிறையும் காசும் ஒண்டுதான்டாம்பி. தட்டுல வெச்சா படிக்கல்லு, கையில குடுத்தா காசி. ஒங்கட ரூவாயத் தட்டுல வெய்யி பாப்பம்" என்றார் ஒருநாள்.

நான் மடையன், வைத்தேன். ஐம்பது ரூபாய்த் தாள். அவர் மெல்ல ஊதினார். அது எழும்பிப் பறந்து தேன் சட்டிக்குள் விழுந்தது.

"கண்டயா? இதுதான் ஒங்கட காசி."

அந்தத் தாளை வாங்கிய பஸ் கொண்டக்டர் காரைதீவு தாண்டும்வரை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

இறாத்தல் போய்க் கிலோ வந்த நாட்களில், நிறுவைகளுக்கு முத்திரை குத்த ஒரு உத்தியோகத்தர் கடை கடையாக வந்தார்.

"உங்கட கிராம் படி எங்க?"

காக்கா பிஸ்கட் டின்னை முன்னால் தள்ளினார்.

"இது கொட்டையெல்லோ?"

"ஓம், கொட்டதான். முத்திரயக் குத்துங்க."

"எத்தினை இருக்கு?"

"நாலாயிரம் வரும். நீங்க ஆறுதலாக் குத்துங்க, நான் தேத்தண்ணி சொல்றன்."

உத்தியோகத்தர் தேத்தண்ணி குடிக்கவில்லை. ஒரு பெட்டி கிராம் படிக்கற்களைக் கட்டாயமாகக் காக்காவின் தலையில் கட்டிவிட்டு, தன் இருமலுக்கு மூன்று மஞ்சாடி திப்பிலி வாங்கிக்கொண்டு போனார். காக்கா அந்தப் பெட்டியை ஆடிக்கொண்டிருந்த அலுமாரியின் காலுக்குக் கீழே சொருகினார்.

"எண்ட மூணு பணமும் இஞ்ச இரிக்கிற வரைக்கும் கிராம் இந்தத் தட்டுல ஏறாது!" என்றார். சந்தையில் மீன் விற்றவர்களுக்கும் கேட்டது.

மஹர் கொடுக்காமல் கடனாகவே கிடந்தது. என் மடத்தனத்துக்கு வட்டி வந்தது ஆறாவது வருடம். பக்கத்து வீட்டு றாத்தா அரபு நாட்டுக்கு வேலைக்குப் போகப் புறப்பட்டு, தன் தையல் மெசினை விற்க நின்றாள். வெள்ளிக்கிழமைக்குள் காசு வேண்டும் அவளுக்கு. என் பொஞ்சாதி வந்து என் முன்னால் நின்றாள்.

"இஞ்சருங்க, எண்ட மஹரத் தாங்க. அத வித்து அந்த மெசின எடுக்கப் போறன்."

"களஞ்செண்டா..."

"நீங்கதானே சபையில சொன்னீங்க? எனக்கென்ன தெரியும்?"

களஞ்சு என்றால் அரைப் பவுண் என்று என்னோடு கந்தோரில் வேலை செய்த ஒருவன் சத்தியம் பண்ணினான். அவன் பேச்சை நம்பி சைக்கிளை விற்று அரைப் பவுணில் ஒரு மோதிரம் வாங்கினேன். பொஞ்சாதி அதை விரலில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

"மஞ்சாடிக் காக்கா சரியெண்டு சொல்லட்டும். அதுக்குப் பொறகு எடுக்கன்."

வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு கடைக்கு நடந்தேன். நடக்காமல் என்ன செய்வது, சைக்கிள் இல்லை. காக்கா விசயத்தைக் கேட்டார். ஒரு தட்டில் இருபது மஞ்சாடி எண்ணிப் போட்டார். மறுதட்டில் மோதிரம். மோதிரத் தட்டு தென்னைமரம் ஏறியது.

"காக்கா, கொஞ்சம் சின்னக் கொட்டையாப் பாத்துப் போட்டா என்ன?"

"ஏன்டா, பொஞ்சாதிக்குச் சேர வேண்டிய ஹக்குலயா கொட்ட பொறுக்கப் பாக்காய்?"

"நாளைக்கு மெசின் போயிரும் காக்கா. பாண்டிருப்பு ஆளொருவர் காசோட நிக்கார்."

"சபையில வாயத் தொறக்க முந்தி எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டயா?"

"இல்ல."

"மறுகா இப்ப என்னத்துக்கு அழுறாய்?"

நான் அழவில்லை. மருந்துத் தூள் கண்ணில் விழுந்தது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

காக்கா டின்னுக்குள் கையை விட்டுக் குப்பியை எடுத்தார். ஒரு பணத்தை மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தட்டு கொஞ்சம் இறங்கியது. இரண்டாவதை வைத்தார். மூன்றாவதைக் கையில் வைத்து ஒரு தரம் பார்த்தார், பிறகு வைத்தார். முள் நடுவில் நின்றது.

மோதிரத்தையும் மூன்று பணத்தையும் மருந்து மடிப்பதுபோலக் கடுதாசியில் மடித்து என் சட்டைப் பைக்குள் சொருகினார்.

"கொண்டு குடு. இப்ப அது ஒரு களஞ்சு."

அந்த நேரம் பார்த்து வரிப்பத்தான்சேனையிலிருந்து வயல்காரப் போடியார் ஒருவர் கடைக்குள் வந்து, பிள்ளைக்குச் சளி, கோரோசனை வேண்டும் என்று நின்றார். வெறுங்குப்பி மேசையில் உருண்டது.

"காக்கா, இனி இதெல்லாம் எதால நிறுப்பீங்க?"

அவர் குனிந்து அலுமாரியின் காலடியில் கையை விட்டபடி, என் முகத்தைப் பாராமல் சொன்னார்:

"கிராமால."