வெப்ராளம் மாமாவின் கிளி

எமனே நேரில் வந்து நின்றாலும், "எருமைக்குத் தண்ணி காட்டினீரா? மூச்சு வாங்குகு பாரும்" என்று சொல்லி அவனையும் கவலைப்பட வைத்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தெரு வெப்ராளம் மாமாதான்.

பதற்றத்துக்கு எங்கள் பக்கத்துச் சொல் வெப்ராளம். சுசீந்திரத்தில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்யும் அவருடைய நிஜப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடும். நான் போய்ப் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே மாமா, முதுகுக்குப் பின்னால் வெப்ராளம், அவ்வளவுதான்.

அவருடைய வெப்ராளத்துக்கெல்லாம் தலைமையகம் அவருடைய பழைய டீசல் கார். ஒரு கண் சாலையில், இன்னொரு கண் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளில். முள் கொஞ்சம் அசைந்தால் போதும், வண்டி ஓரங்கட்டப்படும். பானட் திறக்கப்படும். பின்சீட்டில் இருப்பவர்கள் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் ரேடியேட்டருக்குப் போய்விடும். அவரை நம்பி மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா பார்க்கப் போனோம். பந்தல் பிரிப்பதைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, கடத்தல் விஷயம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னார். "மக்கா, குத்தம் காத்தாடியிலயாக்கும். இஞ்சின் சுத்துனாதான் அதும் சுத்தும். நெரிசல்ல வண்டி நிக்கும்போ இஞ்சின் மெள்ள ஓடுகு, காத்தாடியும் தூங்கிட்டுச் சுத்துகு. காத்து வேணும்ங்கிற நேரத்துல காத்து இல்ல. இது என்ன நியாயம்?"

நியாயம் இல்லைதான். பழைய காத்தாடியை, அதாவது ரேடியேட்டர் ஃபேனை, கழற்றி எறிந்தார். பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடையில் ஏதோ சின்னக் கார்களிலிருந்து கழற்றிப் போட்டிருந்த இரண்டு எலெக்ட்ரிக் காத்தாடிகளைப் பொறுக்கி வந்து ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டினார். சூடு ஏறினால் தானாகவே ஓடும், தணிந்தால் தானாகவே நிற்கும். அதற்கென்று ஒரு சுவிட்சும் வைத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், வேலை அருமையான வேலை. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

மாமாவோ சோற்றில் கைவைத்தபடியே யோசித்தார். "அது ஓடுகான்னு உள்ள இருக்கவனுக்கு எப்பிடிலே தெரியும்?"

மறுநாள் மாமி என்னிடம் வந்து, "நம்ம வீட்டுக் காலிங் பெல்லக் காணலியே, நீ கண்டியா?" என்றாள். கண்டேன். டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினால் கிளி கூவுமே, அந்த பேட்டரி ரகம். காத்தாடிக்குப் போகும் வயரிலேயே அதையும் முடிச்சுப் போட்டிருந்தார். காத்தாடி ஓடினால் கிளி கூவும். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் கதவைத் தட்டினார்கள்.

நிம்மதிக்காக மாட்டிவைத்த கிளி எங்கள் எல்லோருடைய உயிரையும் எடுத்தது. கூவினால், "ஐயோ, சூடாயிட்டு!" கூவாவிட்டால், "ஐயோ, கூவலியே!" என் தங்கச்சி செல்வி நர்ஸ். எத்தனையோ ரத்தத்தைப் பார்த்தவள். அவளே ஒரு நாள், "மாமா, இந்தக் கிளி கத்தும்போ எனக்கு வயித்தக் கலக்குகு" என்றாள். "கிளி இல்லாம வண்டியா? போடி!" என்று விரட்டிவிட்டார்.

அந்தச் செல்விக்குத்தான் வளைகுடாவில் வேலை கிடைத்தது. சொன்ன நாளில் வந்து சேராவிட்டால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நான் ஏற்பாடு செய்திருந்த டாக்சியை மாமா என்னைக் கேட்காமலே வேண்டாமென்று சொல்லிவிட்டார். "அவனுக்க ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு நீ பாத்தியா? பிள்ளய நான் கொண்டுவிடுகேன்." அம்மாவும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

அம்மாவும் நானும் கூடவே ஏறிக்கொண்டோம். தக்கலை வரை தேவலை. மார்த்தாண்டம் தாண்டிக் குழித்துறையில், கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டது. முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் போக முடியாது. தலைக்கு மேல் வெயில். முள் ஏறியது. நாங்கள் எல்லோரும் கிளிக்காகக் காத்திருந்தோம்.

கிளி கூவவில்லை.

முள் இன்னும் ஏறியது. "மண்டைக்காட்டம்மா, அந்தக் கிளியக் கூவ வை தாயே!" என்று அம்மா கும்பிட்டாள். செல்வி பாஸ்போர்ட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதுவிட்டாள். "மாமா, கூவலியே மாமா! பிளேன் போயிரும்!"

மாமா திரும்பாமலே சொன்னார். "கூவாது மக்களே. நேத்து கழத்திட்டேன். நீதானே வயித்தக் கலக்குகுன்னு சொன்னே?"

"அப்போ காத்தாடி?" என்று கேட்டேன்.

"ஓடுகு. சத்தம் கேக்குல்லா? நீ எறங்கி கிரில்லுக்கு முன்னால கைக்குட்டையப் பிடி. காத்த உள்ளாக்க இழுக்கணும், துணி அப்பிடியே ஒட்டணும்."

பிடித்தேன். கைக்குட்டை ஒட்டவில்லை. பறந்து வந்து என் மூஞ்சியில் அடித்தது, சுடச்சுட.

"மாமா, இது இழுக்கல்ல, ஊதுகு!"

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். கிளியைக் கழற்றியபோது முடிச்சையும் அவிழ்த்திருக்கிறார். திரும்பக் கட்டும்போது இரண்டு வயரையும் மாற்றிக் கட்டிவிட்டார். காத்தாடி தலைகீழாகச் சுற்றி, இஞ்சின் சூட்டையெல்லாம் திரும்ப ரேடியேட்டர் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தது.

வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். வயரைப் பிடித்தார், நழுவவிட்டார், மறுபடி பிடித்தார், மறுபடி நழுவவிட்டார். சுற்றி நின்ற கூட்டம் முழுக்க யோசனை சொன்னது. "பிள்ளைக்க வேலய நானே கெடுத்திட்டேனே, கெடுத்திட்டேனே" என்று அவர் முனகியதைக் கேட்டதும் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். "தள்ளுங்க மாமா. எதுன்னு சொல்லுங்க, நான் மாத்துகேன்." நரம்பு தேடி ஊசி போடுகிற கை. கொஞ்சமும் ஆடவில்லை. சிவப்பை அவிழ்த்தாள், கறுப்பை அவிழ்த்தாள், மாற்றி முறுக்கி டேப் சுற்றினாள். மாமா சாவியைத் திருப்பினார். நான் கைக்குட்டையை நீட்டினேன். சப்பென்று போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

லாரியை ஒதுக்கி வழி கிடைத்ததும் மாமா ஓட்டினார் பாருங்கள், முள்ளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! கவுண்டரை மூடப்போகிற நேரத்தில் செல்வி உள்ளே ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று கையாட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கிரீஸ்.

திரும்பி வந்ததும் கிளியை மறுபடி மாட்டிவிட்டார். வாசலுக்கு மாமி வேறு பெல் வாங்கிக்கொண்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமை செல்விக்கு லீவு, அன்றைக்குத்தான் வீடியோவில் வருவாள். எங்களிடம் சாப்பாடு, மழை, யாருக்குக் கல்யாணம் என்று எல்லாம் பேசுவாள். கடைசியில், "மாமாகிட்ட குடு, கிளியக் கேக்கணும்" என்பாள். வயிற்றைக் கலக்கிய அதே கிளிதான்.

கிளி சும்மா கூவாதே, இஞ்சின் சூடாக வேண்டுமே! அதனால் அவள் கூப்பிடுவதற்கு வெகுநேரம் முன்பே மாமா முற்றத்தில் வண்டியைக் கிளப்பிப் போட்டுவிடுவார். தெருவெல்லாம் டீசல் புகை. "மனுஷன் மூச்சு விடாண்டாமா?" என்று மாமி கத்துவாள். அவர் காதில் விழாது. வாழ்நாளெல்லாம் அந்த முள் ஏறிவிடக் கூடாதே என்று தவித்த மனிதர், வெள்ளிக்கிழமை மட்டும், பிள்ளை கூப்பிடுவதற்குள் அது ஏறிவிட வேண்டுமே என்று தவித்துக்கொண்டு நிற்கிறார்.