பீரோ ஒரு ஜாண் நகர்ந்த விவரம்

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை.

மாப்பிள்ளை சுமந்த் அவர்களுக்கு மாமனார் சிவதாணு எழுதுவது. மூட்டுவலி நீங்கலாக இங்கு எல்லோரும் நலம். போனில் சொன்னால் மகள் ஆர்யா குறுக்கே பேசுவாள் என்பதால் கடிதம்.

பூகம்பத்தில் வெளிப்படும் சக்தியில் பெரும்பகுதி பாறைகள் உரசிச் சூடாவதிலும் நொறுங்குவதிலுமே போய்விடும், கொஞ்சம்தான் அலையாகப் பரவி ஊரைக் குலுக்கும் என்று போன தடவை சொன்னீர்களே, தலையாட்டினேனே தவிர நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். நீங்கள் வரும்போது கட்டில் போட மாடியில் இடம் வேண்டும், அதற்கு இரும்பு பீரோ நகர வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் கீழ்வீட்டில் இருக்கும் என் தம்பி தாணுமாலயன். மோட்டார் சுவிட்ச் யார் சுவரில் இருப்பது என்ற தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. கூப்பிடுவேனா? சாலைக் கடைத்தெருவில் ரப்பர் கயிறு வாங்கி வந்து பீரோக் காலில் கட்டி இழுத்தேன். கயிறு நீண்டது, இன்னும் நீண்டது, பீரோ அசையவில்லை. உங்கள் அத்தை பகவதி, "இந்த வயசுல இது வேணுமா?" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். திடீரென்று படார்! பீரோ ஒரு ஜாண் பாய்ந்தது, நான் மல்லாந்து விழுந்தேன். தவழ்ந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன், பீரோக் கால் சுடுகிறது, சிமெண்டுத் தரை பொடிப்பொடி. நீங்கள் சொன்ன பெரும்பகுதி அங்கேயே கிடந்தது. மிச்சம் அலையாகக் கீழே போயிருக்க வேண்டும், நான் எழுந்து உட்காருமுன் தாணு பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஓடிவந்து, "அண்ணே, அடி பட்டுச்சா?" என்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணே! கண் நிறைந்துவிட்டது, இடுப்புவலி என்று சமாளித்தேன்.

இருவரும் தள்ளினோம், இரண்டே நிமிஷம். சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டோம். சுவிட்சைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உங்கள் அலைக்கு என்ன வேகம் மாப்பிள்ளை! உங்கள் பூகம்ப ஆபீஸில் என் பெயரைப் போட்டே சொல்லலாம்.

கட்டில் தயார், ஓணத்துக்கு முன்பே வந்துவிடுங்கள். இருவரும் நீடூழி நன்றாயிருக்க எங்கள் ஆசி.

சிவதாணு

பின்குறிப்பு: ஒட்டுமுன் தாணுவிடம் படித்துக் காட்டினேன். சிரிக்கிறான். "ஒரு சத்தமும் கேக்கல்லை அண்ணே, கீழே மிக்சி ஓடிட்டிருந்து. நீங்க விழுகதுக்கு முந்தியே மைனி போன் பண்ணிச்சு, அண்ணன் ஒத்தைக்கு பீரோவை இழுக்காருன்னு. அப்பமே பாதிப்படி ஏறியாச்சு." மைனி என்றது உங்கள் அத்தையைத்தான். ஆக, அலை கீழே போகவேயில்லை. ஆபீஸில் எதுவும் சொல்ல வேண்டாம்.

பேச்சே இல்லாதவன் போன் வந்ததும் எதற்கடா ஓடி வந்தாய் என்று கேட்டேன். "பின்னே வராம?" என்றான்.