பின்சீட்டு மகிமை

நோய் தீர மருந்து வேண்டாம், மருத்துவர் வேண்டாம், ஒரு பழைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் போதும் என்று ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. காரும் லேசுப்பட்டதல்ல. நீளமான கறுப்பு வண்டி, வெள்ளிபோல் மின்னும் விளக்குகள், ஓட்டுநருக்கும் பின்சீட்டுக்கும் நடுவே திரை போட்ட கண்ணாடித் தடுப்பு. முதலில் வாங்கிய ஆலை அதிபர் தொண்ணூற்றாறு வயதுவரை கண்ணாடி போடாமல் பேப்பர் படித்தாராம். அடுத்து வைத்திருந்த நாடக நடிகைக்குப் போன குரல் இந்தச் சீட்டில்தான் திரும்பி வந்ததாம். மூன்றாவதாக வாங்கிய நீதிபதிக்கு மூட்டுவலி ஓடியே போய்விட்டதாம். செத்த பிறகும் மூன்று பேரும் சீட்டைவிட்டு இறங்கவில்லையாம். நோயாளி உட்கார்ந்ததும் அவர்கள் மடிச்சூடு தெரியுமாம். இத்தனையும் சொல்லிக்கொண்டிருந்தவர் வண்டியின் இன்றைய சொந்தக்காரர். ஜனங்கள் மரியாதையாக அவரை 'வண்டியார்' என்றார்கள்.

கார்களுக்குச் சீட் தைப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. நாலாவது சொந்தக்காரரைப் பற்றி வண்டியார் மூச்சே விடவில்லை. அவர் கோழிப்பண்ணைக்காரர். இரண்டு வருடம் அந்தப் பின்சீட்டில் கோழிகள்தான் குடித்தனம் நடத்தின. எச்சத்தைச் சுரண்டி, கிழிந்த தோலை உரித்துக் குப்பையில் போட்டு, புது ஸ்பாஞ்சும் ரெக்சினும் வைத்துத் தைத்தவள் அவளேதான். அதைத்தான் ஜனங்கள் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சிரிப்பு அன்று மாலையே அடங்கிவிட்டது. பஸ் டிரைவரான அவள் அண்ணனுக்குக் கண்ணில் அழுத்தம். ஒரு கண் பாதி போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். அண்ணனோ, ஏழு நாள் பின்சீட்டில் உட்காரப் போவதாகவும், கண்ணில் கத்தி படவே கூடாது என்பது வண்டியார் உத்தரவு என்றும் சொன்னான்.

"அண்ணா, அது நான் தச்ச சீட்டு. முந்தி அதுல கோழி இருந்துச்சு."

"உறை மாறினா உள்ள இருக்கிறவங்க மாறிடுவாங்களா?"

"அப்ப கோழிக்கும் மடி குடுத்தாங்களா அந்த மூணு பேரும்?"

"கிண்டல் பண்ணாதே. இன்னைக்கு நானே உக்காந்தேன். சூடு ஏறிச்சு. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருடம் கண்ணை நம்பிப் பிழைத்தவன், அந்தக் கண்ணை ஒரு ரெக்சின் சீட்டுக்குத் தாரை வார்க்கிறானே! சத்தம் போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் குரலை இறக்கினாள்.

"சரி. நாளைக்கு உனக்கு முன்னாடி, நான் கூட்டிட்டு வர்ற ஆளு ஒரு தடவை உக்காரட்டும். சூடு வரலேன்னா நான் வாயைத் தச்சுக்கிறேன். வந்துச்சுன்னா நீ என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"சூடு வந்தா எதுக்கு ஆஸ்பத்திரி? தலைகீழா பேசறியே!"

"ஆளைப் பாத்துட்டுச் சொல்லு."

ஆள் வேறு யாருமில்லை. அவள் பட்டறையில் வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடைத்துப் போர்வை சுற்றிய மூட்டை. மூட்டைக்கு எங்கே சூடு வரப்போகிறது என்ற தைரியத்தில் அண்ணனும் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டான்.

மறுநாள் அண்ணன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலையிலிருந்து வரிசையில் நின்றான். ஸ்பாஞ்சு கனக்குமா என்ன? கனப்பதுபோல் முக்கவேண்டியிருந்தது. "பாவம், நடக்கக்கூட முடியல போல" என்று கூட்டம் வழிவிட்டது. ஒரு அம்மாள் மூட்டையின் கால்பக்கத்தை இதமாகப் பிடித்தும் விட்டாள்.

வண்டியார் முன்சீட்டில், திரைக்கு அப்பால் இருந்தார். செத்த அந்த மூன்று முதலாளிகளையும் நேருக்கு நேர் பார்த்தால் அவர் கண் அவிந்துவிடுமாம், அதனால்தான் திரை. மூட்டையைப் பின்சீட்டில் உட்காரவைத்தார்கள்.

"யாரு?" என்றார் வண்டியார்.

"எங்க அக்காங்க. கண்ணுல அழுத்தம். பேச்சு வராது" என்றாள் தங்கை.

அண்ணன் மூட்டைக்கு அடியில் கையை நுழைத்தான். சூடு! நேற்று அவனுக்கு ஏறிய அதே சூடு.

"ஆலை அதிபர் மடியில ஏத்துக்கிட்டார்! சின்ன வயசுல எங்கேயோ விழுந்திருக்கா, சரியா?" என்றார் திரைக்கு அப்பாலிருந்து வண்டியார்.

"சரிதாங்க. மேசையிலேருந்து" என்றாள் தங்கை.

"பார்வை திரும்பிடுச்சு! டாக்டர் பக்கமே போகவேண்டாம். கண்ணைத் திறந்து சிரிக்கிறா பாரு!"

அண்ணனின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. மூட்டையை வெளியே இழுத்துக் கூட்டத்தின் நடுவே கொட்டினான்.

"எங்கய்யா சிரிக்கிறா? காட்டு!"

அவள் தையல் பிரிக்கும் கத்தியால் சீட்டின் ஓரத்தைப் பிரித்தாள். அவள் வைத்த ஸ்பாஞ்சுக்கு மேல், அவள் வைக்காத, மின்சாரத்தில் சூடேறும் கம்பிச்சுருள் ஒன்று படுத்திருந்தது. அதன் ஒயர் தடுப்புக்கு அடியில் நுழைந்து, முன்சீட்டில் ஒரு சுவிட்சில் முடிந்தது. மூன்று முதலாளிகளும் அந்தக் கட்டைவிரல் அளவு சுவிட்சுக்குள்தான் குடியிருந்தார்கள்.

அப்போதும் ஒரு பெரியவர் விடவில்லை. "மூட்டைக்கே இவ்வளவு பலன்னா, மனுசனுக்கு எவ்வளவு இருக்கும்!" என்றார். இவரை ஏமாற்றச் சுவிட்சுகூட அனாவசியச் செலவு.

வண்டியார் தப்பித்து ஓடச் சாவியைத் திருகினார். வண்டி முனகியது. மறுபடி திருகினார். முனகலும் நின்றது. அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். இதற்கு அவனுக்குக் கண் வேண்டியதில்லை.

"பேட்டரி செத்துப்போச்சு. காலையிலேருந்து சீட்டைச் சூடாக்கினா வேற எப்படி இருக்கும்? அதைக் கழட்டிக் கொஞ்ச நேரம் பின்சீட்டுல உக்காரவைங்க, சரியாயிடும்."

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து வண்டியாரை வெளியே இழுத்தது. அண்ணன் அதை நின்று வேடிக்கை பார்க்கவில்லை. "ஆபரேஷனுக்குச் சாப்பிடாம வரணுமா, சாப்பிட்டுட்டு வரணுமா?" என்று தங்கையைக் கேட்டுக்கொண்டே நடந்தான்.

மிச்சப் பார்வை பிழைத்தது. ஓடுகிற பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுப்போமா? அறிவை மட்டும் கேட்டவன் கையிலெல்லாம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறோமே, ஐயா!