புகையைத் திருடிய மனிதர்

இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒரு மனிதனை உட்கார்ந்த இடத்திலேயே களைத்துப்போக வைப்பதில் எங்கள் புகைக்காரரை மிஞ்ச ஆள் கிடைக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். மழை என்னைக் களைப்பாக்கியதில்லை. அட்டைக்கடி களைப்பாக்கியதில்லை. துரையின் கையெழுத்தைப் படிப்பதுகூடப் பழகிவிட்டது. ஆனால் "கிளாக்கர் ஐயா, ஒரு நிமிசங்க" என்று இந்த மனிதர் ஆபீஸ் வாசலில் தலையை நீட்டினால் போதும், எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அவருடைய ஒரு நிமிஷம் மத்தியானச் சோறு வரைக்கும் போகும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்தில் மேல்மலையில் தேயிலை, கீழ்மலையில் ரப்பர். ரப்பர்ப் பாலை உறையவைத்து, ஷீட்டாக உருட்டி, புகை வீட்டுக்குள் கொடியில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகை போடுவார்கள். அந்த அடுப்பு இவர் பொறுப்பு. விறகைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறக்க அவசியமே இல்லாத வேலை என்பதால், மிச்சமான பேச்சையெல்லாம் மூட்டை கட்டி என்னிடம் கொண்டுவந்து அவிழ்ப்பார். பேச்சு முழுக்கச் செடிகொடிகளைப் பற்றித்தான்.

செடிக்குள் உத்தரவு ஓடுகிறது என்பது அவருடைய கட்சி. தேயிலைச் செடியின் தலையை வெட்டினால் பக்கத்துக் கிளையெல்லாம் ஏன் திமுதிமுவென்று கிளம்புகிறது என்று ஒருநாள் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை என்றேன். அவர் விடவில்லை. "பெரிய கங்காணி நிக்கிறப்ப சின்னக் கங்காணி வாயத் தொறப்பானாங்க? நுனிக் கொழுந்து மேலேருந்து 'சும்மா இரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அத வெட்டிப்புட்டா கேக்க ஆளில்ல, எல்லாம் கெளம்பிருது" என்றார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரிய கங்காணி அவரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னொரு தடவை என் மேசைமேல், ஜன்னலோரமாக, ஒரு தகர மூடியில் சோளம் முளைக்கப் போட்டுவிட்டுப் போனார். முளை இரண்டு விரற்கடை வந்ததும், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைக் கிழித்து, பாதி முளைகளுக்கு மட்டும் தொப்பி போட்டார். மறுநாள் தொப்பி இல்லாததெல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றது. தொப்பி போட்டதெல்லாம் காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு வந்த ஆட்கள் மாதிரி விறைப்பாக நின்றது. "பாத்தீங்களா, கண்ணு நுனியிலதான் இருக்கு!" என்று அவர் குதித்த குதியில் மைக்கூடு கவிழ்ந்து, துரைக்கு அனுப்ப வேண்டிய கடிதம் நீலமாயிற்று. நான் அதைத் திரும்ப எழுதினேன். பக்கத்துச் சிங்கள ஊர்க்காரர்கள் பைத்தியத்துக்கு உள்ள தங்கள் சொல்லால் அவரைப் 'பிஸ்ஸா' என்று கூப்பிட்டார்கள். அவரும் சளைக்காமல் சிங்களத்திலேயே பதில் சொல்லி, அவர்களுடைய பலாமரம் ஏன் காய்க்கவில்லை என்று விளக்க ஆரம்பிப்பார். அவர்கள் ஓடிவிடுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை, ஆபீஸ் கதவு ஒன்றுதான்.

தோட்டத்தில் அவரோடு சுத்தமாகப் பேசாத பாக்கியசாலி ஒருவர் உண்டு. பங்களாத் தோட்டக்காரர் செல்லமுத்து. சண்டை ஒரு ரோஜாச் செடியால் வந்தது. ஒரு வருஷம் ரோஜா அமோகமாகப் பூத்து, துரைசானி செல்லமுத்துவுக்கு ஒரு பழைய கோட்டுப் பரிசாகக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அவர் ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்தபோது நம்ம ஆள், "பூத்தது ஒங்க கைராசி இல்லீங்க, பத்து நாளு மழ இல்லாமப் போச்சு பாருங்க, அதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அத்தோடு பேச்சு நின்றது. பல வருஷம் ஆகியும் ஒருவர் வரும் பாதையில் மற்றவர் போவதில்லை.

இந்தச் செல்லமுத்துவுக்குத்தான் ஆபத்து வந்தது. பங்களாச் சரிவில் துரைசானி ஆசை ஆசையாக வைத்த அன்னாசி, மூன்று வருஷமாக வெறும் இலையாகவே வளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைசானி தன் வீட்டு அன்னாசியை வெட்டி வைத்து இவளுக்கு விருந்து போட்டிருக்கிறாள். அன்றைக்குத் திரும்பி வந்ததும் உத்தரவு பிறந்தது. மூன்று மாதத்தில் ஒரு பூவாவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் செடியையும் பிடுங்கி எறிய வேண்டும், தோட்டக்காரனையும் பத்துச்சீட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். பத்துச்சீட்டு என்றால் வேலையும் போய், குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போய், சட்டி பானையோடு நடக்க வேண்டியதுதான். செல்லமுத்துவின் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். மனிதர் கருவாடு கழுவின தண்ணீரைச் செடிகளுக்குக் குடம் குடமாக ஊற்றினார். இரண்டு பர்லாங்குக்கு நாறியதே தவிர ஒரு அரும்பும் வரவில்லை.

நான் வாய் தவறி இதைப் புகைக்காரரிடம் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பதில் பேசாமல் எழுந்து போனார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், செல்லமுத்து சாப்பிடப் போன நேரத்தில் இந்த மனிதர் ஒரு மண்ணெண்ணெய் டின்னைச் சாக்கால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு அன்னாசிச் சரிவில் ஏறுகிறார். டின்னுக்குள் கனலும் விறகும் தேங்காய் மட்டையும். செடிகளின் மேல் சாக்கை விரித்து, அடியில் புகையை விட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டார். பத்து நாள் இப்படியே நடந்தது. கூப்பிட்டு விசாரித்தேன். புகை வீட்டுக்குப் பின்னால், புகை கசியும் ஓட்டைக்குப் பக்கத்தில் தானாக முளைத்த அன்னாசி மட்டும் காலம் இல்லாத காலத்தில் காய்க்கிறதாம். பல வருஷமாகப் பார்த்து வைத்திருக்கிறார். புகைதான் போய்ச் செடியிடம் பூக்கச் சொல்கிறது என்றார்.

"செல்லமுத்துகிட்ட சொல்லிப்புடாதீங்க ஐயா. கருவாட்டுத் தண்ணிய நம்பிக்கிட்டு இருக்காரு. மனுசன் தாங்க மாட்டாரு."

எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. இப்போது படித்தவர்கள் அந்த உத்தரவுக்கு ஹார்மோன் என்று பெயர் சொல்கிறார்கள். புகையில் எத்திலீன் என்று ஒரு வாயு இருக்கிறதாம், அது பட்டால் வளர்ந்த அன்னாசிச் செடி பூக்கத் தொடங்கிவிடுமாம். ஒரு பத்திரிகையில் இதைப் படித்ததும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

நாற்பது ஐம்பது நாள் போனது. ஒரு காலையில் சரிவில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாச் செடிகளின் குருத்திலும் சிவப்பாகப் பூவரும்பு எட்டிப் பார்த்தது. துரைசானி கை தட்டினாள். செல்லமுத்து பழைய கோட்டை மாட்டிக்கொண்டு கருவாட்டுத் தண்ணீரின் மகிமையைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அதே வாரம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது, ஷீட் முழுக்கப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று. பத்து நாள் கனலை அள்ளி வெளியே கொண்டுபோனால், திறந்த கதவுக்குள் ஷீட் எப்படிக் காயும்? கனல் வெளியே போனதைப் பார்த்திருந்த ரப்பர் ஸ்டோர்க்காரர் மேலிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆபீஸில் விசாரணை. துரை, நான், புகைக்காரர்.

என்ன திருடினாய் என்று துரை கேட்டார்.

"பொகைங்க தொர."

துரைக்குத் தன் தமிழ்மேல் சந்தேகம் வந்து என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன். அதற்கப்புறம் தன் காதுமேலும் சந்தேகம் வந்து இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டார். தினம் ஒரு டின் என்றார் இவர். எதற்கு என்று கேட்டார்.

அன்னாசிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துரைசானியே வந்து காப்பாற்றியிருப்பாள். ஆனால் செல்லமுத்துவின் பெருமை அந்த இடத்திலேயே போயிருக்கும், அவர் வேலைக்கும் உறுதி இல்லை. நான் வாயைத் திறந்தேன். புகைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக ஆட்டினார். "லயத்துல கொசு சாஸ்திங்க தொர" என்றார்.

இத்தனை வருஷம் பேசியே என்னைக் கொன்ற மனிதர், பேச வேண்டிய ஒரே நாளில் இதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பத்துச்சீட்டை நான்தான் எழுதினேன். நானும் வாயை மூடிக்கொண்டுதான் எழுதினேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் ஒரு பாயும் ஒரு பெட்டியுமாக அவர் பஸ்ஸுக்கு இறங்கினார். நான் பாதி வழி கூடப் போனேன். பாலத்தடியில் செல்லமுத்து காத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு அன்னாசிக் கன்று, ஈரச் சாக்கில் சுற்றியிருந்தது. முந்தின இரவு அவர் வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பழைய சண்டையை மன்னித்துவிட்டதாகச் சொன்னார்.

"போற எடத்துல இத நடுங்க. கருவாட்டுத் தண்ணி ஊத்துங்க, அதான் சூட்சுமம். நீங்களும் என்னயப்போல வேலையில கண்ணா இருந்திருந்தா இந்தக் கெதி வந்திருக்குமா?"

புகைக்காரர் கன்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டு, அவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "ஒங்க கைராசிங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் ஆபீஸுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். எந்தத் தலையும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அவர் வேலை தேடிப் போவதாகச் சொன்ன கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த என் சிநேகிதனுக்குக் கடிதம் எழுதினேன்: 'ஒரு ஆள் வருகிறார். வாய் ஓயாது, அலுப்புத் தாங்காது. புகை வீட்டுப் பக்கம் மட்டும் விட்டுவிடாதே. எப்படியாவது ஒரு வேலை கொடு. இவரை நீ திருப்பி அனுப்பினால், என் வீட்டு வாசலை மிதிக்காதே.'